பட்டாணியின் அம்மா உனக்குப் போன் செய்வாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று முதல் தாளில் எழுதி, அதைக் கிழித்துப் போட்டாயிற்று, இது இரண்டாவது தாள். உடம்பு நலம்தான், அதில் பொய் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி பழையபடி, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றதெல்லாம் நலமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, அது இப்போது உன் வாயில் இருக்கிறது. பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மனுஷன் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல நான்கு நாளாக முயன்று பார்த்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் "அங்க மழையா" என்று கேட்டுத் தொலைக்கிறேன். விஷயம் இதுதான், அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் உனக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிடுவாள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் இருந்துவிடாதே. அவள் என்னைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் அவள் தன் குழந்தையை மறுபடியும் நம் வீட்டில் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். எந்தக் குழந்தை, ஏன் நம் வீட்டில் என்று கேட்பாய், முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். குடோனை மூடி எட்டு மாதம் ஆகிறது. பம்பு உதிரிப் பாகங்களையெல்லாம் வேறு ஊருக்கு மாற்றினார்கள், ஸ்டோர்கீப்பரை மாற்றவில்லை. இன்றைக்கு லோடு வந்து முதுகு ஒடிந்தது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் சும்மா, முதுகு ஒடிந்தது மட்டும் உண்மை, அது வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒடிந்தது. அம்மா முதல் நாளே உன்னிடம் சொல்லச் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். உனக்குத் தெரிந்தால் நீ உதவி செய்ய நினைப்பாய், மாப்பிள்ளை முன்னால் எனக்கு அது கூச்சம். இந்த வயதில் எவன் வேலை தருவான், நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தேன், நாலு இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அப்போதுதான் உன் அம்மா ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, வேலைக்குப் போகிற தாய்மார்களின் குழந்தைகளை நம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்றாள். பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் மழலை வகுப்பில் உதவியாக இருந்தவள், முட்டி வலியால் நின்றவள், அவளுக்கு அது கைவந்த வேலை. நானும் சரி என்று துள்ளிக் குதித்தேன். எனக்கு அதில் என்ன வேலை என்று அப்போது யோசிக்கவில்லை.

அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள், விண்ணப்பம் போட்டோம், குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தாள். வந்தவள் காபிகூடக் குடிக்காமல், கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தாள். நான் அசந்துபோய் நின்றேன். "நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது சார், அதுங்க உயரத்துக்கு எறங்கிப் பாருங்க" என்று தரையிலிருந்தே சொன்னாள். பிளக் ஓட்டைகளுக்கு மூடி, மேஜை முனைக்கு ரப்பர், மருந்து டப்பா மேல் அலமாரியில், குளியலறைத் தாழ்ப்பாள் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் போலீஸ் சான்று, இப்படி ஒரு பெரிய பட்டியல் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் தவழ்ந்தேன். இரண்டாம் நாள் சோபாவுக்கு அடியில் தலை போனது, தோள் போகவில்லை, உன் அம்மாதான் காலைப் பிடித்து இழுத்தாள். குடோனில் எப்படி ஒவ்வொரு அலமாரியையும் வைத்திருந்தேனோ அப்படி வைத்தேன். குளியலறை மேல் தாழ்ப்பாளை இன்னும் மேலே ஏற்றினேன், கதவு கிரீச்சிட்டால் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று வீட்டில் இருக்கிற கீல், கொக்கி, தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டேன். எல்லாவற்றுக்கும். இந்த எண்ணெயை நினைவில் வை, கதையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இதுதான் தலையாயது.

அனுமதி கிடைத்தது, குழந்தைதான் கிடைக்கவில்லை. அம்மா கையால் எழுதி, கீழே போன் நம்பரைச் சீட்டுச் சீட்டாக வெட்டித் தொங்கவிட்டு, மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் ஒட்டிவந்தோம். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு சீட்டுகூடக் கிழியவில்லை. யாரும் தொடாததை யார் தொடுவார்கள் என்று யோசித்து, கடைக்காரர் பார்க்காத நேரத்தில் நானே மூன்று சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு உண்மையிலேயே இன்னும் மூன்று கிழிந்தன. முதலில் வந்தது ஒரு தம்பதி, நான் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் என்னைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தது போனில் ஒரு அம்மா, நேராகவே கேட்டாள், "பகல்ல வீட்ல ஆம்பளைங்க யாராவது இருப்பாங்களா?" அம்மா ஆமாம் என்றாள், போன் வைக்கப்பட்டுவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். இத்தனை வருஷம் ஒரு போல்ட்டு நட்டுகூடக் குறையாமல் சாவி வைத்திருந்த மனுஷன் நான், என்னைப் பார்த்து என்ன பயம் என்று கத்தினேன். உன் அம்மா தட்டை எடுத்து மூடி வைத்தாள். அப்புறம் எனக்கே ஞாபகம் வந்தது, உன்னைப் பள்ளி வேனில் ஏற்றிய முதல் வாரம் முழுக்க, டிரைவர் மேல் நம்பிக்கை இல்லாமல் நான் வேன் பின்னாலேயே சைக்கிள் மிதித்தேன். அந்த டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டியிருப்பார் பாவம்.

மூன்றாவதாக வந்தவள்தான் உனக்குப் போன் செய்யப்போகிறவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, தனியாகக் குழந்தையை வளர்க்கிறாள், இரண்டரை வயதுப் பெண் குழந்தை, உன் அம்மா அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்திருக்கிறாள், உருண்டுகொண்டே இருக்கும். அந்தப் பெண் வீட்டையெல்லாம் பார்த்துவிட்டு, பிடித்துப்போன முகத்தோடு, என் பக்கம் திரும்பி, "சார் பகல்ல வீட்லதான் இருப்பாரா?" என்று கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "இல்லம்மா, குடோன்ல வேலை, காலைல போனா சாயங்காலம் ஆறுக்கு மேலதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து பட்டாணி வந்தது.

ஆக, மூடிய குடோனுக்கு நான் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஏழே முக்காலுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவேன், நூலகம் ஒன்பதுக்குத்தான் திறக்கும், அதுவரை பேருந்து நிறுத்தம். படிக்கும் அறையில் மூலை நாற்காலி என்னுடையது. நூலகர் நல்ல மனுஷன், மூன்றாவது வாரம் பக்கத்தில் வந்து, "எந்தப் பரீட்சைக்கு சார் படிக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டான், என்ன சொல்வது, பெரிய பரீட்சைதான் என்றேன். புதன்கிழமை நூலகம் விடுமுறை, அன்றைக்கு ஒரு பஸ்ஸில் ஏறி அது போகிற இடமெல்லாம் போய்த் திரும்புவேன். ஐந்து வாரம் இப்படி. பட்டாணியை நான் பார்த்ததே இல்லை, சாயங்காலம் வந்தால் சுவரில் ஒரு கிரேயான் கோடு, நாற்காலிக்கு அடியில் பாதி பிஸ்கட், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பட்டாணி. அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். பட்டாணியின் அம்மா தன் கூட வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணிடம் நம் வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள், அந்தக் குழந்தையும் அடுத்த மாதம் வருவதாகப் பேச்சு. அதனால் எனக்கு முதுகு வலித்தாலும் நான் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

போன செவ்வாய் காலை பதினொன்று இருக்கும், அம்மா போன் செய்தாள். "பட்டாணி பாத்ரூம்ல மாட்டிக்கிச்சு, வாங்க" என்றாள், வைத்துவிட்டாள். நான் ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்றால் எப்படி ஓடியிருப்பேன் என்று நீயே பார்த்துக்கொள். விஷயம் என்னவென்றால் நம் குளியலறைக் கதவில் அடியில் ஒரு தாழ்ப்பாள் உண்டே, நாம் குடிவந்த நாளிலிருந்து துருப்பிடித்து அசையாமல் கிடந்தது, அது அசையாது என்று நான் அதை மேலே ஏற்றவும் இல்லை, கழற்றவும் இல்லை. ஆனால் எண்ணெய் விட்டிருந்தேன். பதினெட்டு வருஷம் என் கைக்கே நகராத தாழ்ப்பாளை என் எண்ணெயை வைத்து ஒரு பட்டாணி விரலால் தள்ளிப் பூட்டிவிட்டது. கைகழுவக் கூட்டிப்போன அம்மா துண்டு எடுக்க இரண்டு எட்டு வைத்தாளாம், அதற்குள். உள்ளே அழுகை, கதவுக்கு வெளியே உன் அம்மா தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறாள், பாட்டு ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். நான் குனிந்து, பட்டாணி, அந்தக் கம்பியை இழு கண்ணு என்றேன். முன்பின் கேட்காத ஆம்பளைக் குரல், அழுகை இரண்டு மடங்கானது. வாயை மூடிக்கொண்டேன். குழந்தையின் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "தெறந்துட்டு சொல்லிக்கலாங்க, இப்ப சொன்னா எல்லாம் போச்சு" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான் முதலில் வந்தது, மறைப்பானேன். ஆனால் உள்ளே இருக்கிற குழந்தை அம்மா அம்மா என்றுதான் கத்துகிறது, அந்த அம்மாவுக்குத் தெரியாமல் எப்படி. சொல்லிவிடு என்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அப்புறம் ரம்பப் பிளேடை எடுத்துக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு அந்தத் தாழ்ப்பாளை அறுக்க ஆரம்பித்தேன். இருபது நிமிஷம். இரண்டு முறை பிளேடு உடைந்தது. பாடிப் பாடி உன் அம்மாவுக்குக் குரல் போய்விட்டது, பாட்டை நிறுத்தினால் அழுகிறது என்று வெறுமே எண்ணிக்கொண்டிருந்தாள், ஒண்ணு, ரெண்டு, மூணு. கதவு திறந்தபோது பட்டாணி கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் ஈரம், அடி ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு உன் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டது. பின்னாலேயே வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள், வேலைக் கோட்டோடு வந்திருக்கிறாள், அவள் கண்ணுக்குத் தெரிந்தது கையில் ரம்பத்தோடு நிற்கும் யாரோ ஒரு ஆள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடோன், நூலகம், பஸ், கிழித்த சீட்டு உட்பட. அவள் குழந்தையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கதவு எங்கேயும் பூட்டிக்கொள்ளும், உடனே கூப்பிட்டீர்களே அது போதும் என்றாள். அப்புறம் சொன்னாள், "நான் உங்களத் தப்பா நெனைக்கல சார். ஆனா நெனைக்காம இருக்கவும் முடியல. நீங்க வீட்ல இருக்கேன்னே சொல்லியிருந்தா நான் கேக்க வேண்டியத கேட்டிருப்பேன்." அவளுக்கு உன் அம்மா மேல் நம்பிக்கை இருக்கிறது, குழந்தையும் ஒட்டிக்கொண்டுவிட்டது, என்னைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில், உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்காங்கல்ல, நான் அவங்ககிட்ட பேசலாமா என்று கேட்டாள். நான் நம்பரை எழுதிக் கொடுத்தேன். என் கடிதம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். அதுவரை அவள் தங்கை வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். கூட வேலை பார்க்கும் பெண்ணும் இவள் என்ன முடிவெடுக்கிறாள் என்று காத்திருக்கிறாள். இந்தக் குழந்தை போனால் இந்தத் தெருவில் வேறு குழந்தை வராது, சேதி போய்விடும்.

அவள் போனபின் அம்மா என்னிடம் சண்டை போட்டாள், நம்பரை ஏன் கொடுத்தீர்கள் என்று. "அந்த நாளப் பத்தி நம்ம பொண்ணு சொல்லிட்டா?" என்றாள். அவள் எந்த நாளைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உனக்கு எட்டு வயது. மதிப்பெண் அட்டையில் நீயே என் கையெழுத்தைப் போட்டுவிட்டாய் என்று உன்னை அதே குளியலறையில் விட்டு வெளிக் கொக்கியை மாட்டினேன். அஞ்சு நிமிஷம் என்றுதான் நினைத்தேன். குடோனிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான், லாரி நிற்கிறது என்று, நான் அப்படியே போய்விட்டேன். மறந்துவிட்டேன். பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டியதை மறந்துவிட்டு இரண்டு மணி நேரம் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து திறந்தபோது நீ அழவில்லையாம். பக்கெட்டில் ஊறவைத்த என் சட்டைகளையெல்லாம் கசக்கிப் பிழிந்து வரிசையாக வைத்துவிட்டு நின்றிருந்தாயாம். அடுத்த வாரமே அந்தக் கொக்கியைக் கழற்றி எறிந்தேன், நீ கவனித்தாயா தெரியாது. ஆனால் கல்லூரிக்குப் போகும்வரை நீ குளியலறைக் கதவைத் தாழ் போடாமல், உள்ளே சத்தமாகப் பாடிக்கொண்டேதான் குளித்தாய். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட உன்னிடம் வாய் திறக்கவில்லை. கொக்கியைக் கழற்றினால் மன்னிப்புக் கேட்டதாக ஆகாது. இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடம்மா. அன்றைக்கு நான் செய்தது தப்பு. செவ்வாய்க்கிழமை அந்தக் கதவுக்கு வெளியே இருபது நிமிஷம் இருந்தபோதுதான் இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது.

அதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. நான் அப்படி எழுத மாட்டேன். சொல்லத் தோன்றினால் சொல். குடோன் விஷயத்தை உன்னிடம் மறைத்ததையும் சொல். ஏற்கெனவே அவளிடம் ஒரு பொய் சொல்லியாயிற்று, உன் வாயாலும் ஒன்று வேண்டாம்.

முதல் பக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும், என் கதையிலேயே மூழ்கிவிட்டேன், உன் வயிறு எப்படி இருக்கிறது? ஆறாம் மாதம் முடிகிறதே, குழந்தை நன்றாக உதைக்கிறதா? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, கனமான பையைத் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், சும்மாதானே வருகிறார். இரும்பு மாத்திரையை டீ குடித்த கையோடு போடாதே, ஒரு மணி நேரம் தள்ளிப் போடு என்று அம்மா சொல்லச் சொன்னாள். பிரசவத்துக்கு அம்மா வருவது உறுதி, முட்டி வலியோடு ஊர்ந்தாவது வருவாள். என் டிக்கெட்டைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், மறந்துவிடாதே. நீங்கள் இரண்டு பேரும், பிறக்கப்போகும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும். நீ உண்டாகியிருப்பதை அம்மா அந்தப் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள், நல்ல சேதியை உன் அம்மாவால் மறைக்க முடியுமா. அதனால் அவள் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாளாம், கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள். "உங்க கொழந்தைய உங்கப்பா இருக்குற வீட்ல விட்டுட்டு நீங்க நிம்மதியா வேலைக்குப் போவீங்களா?" இதை நான் உன்னிடம் கேட்கத் துணிந்ததே இல்லை, முன்பின் தெரியாத ஒருத்தி கேட்கப்போகிறாள். யோசித்துப் பதில் சொல். இல்லை என்பதுதான் பதில் என்றால் இல்லை என்றே சொல், நான் வேறு வழி பார்த்துக்கொள்வேன், உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. எனக்காக யோசிக்காதே, அந்தப் பட்டாணிக்காக யோசி.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் உன் அப்பா